50 நானோமீட்டர் விறைப்பாக இருக்கும் டிஎன்ஏ, ஹிஸ்டோன் மேல் எப்படிச் சுற்றுகிறது?

கேள்வி:
முதுகலை உயிர் இயற்பியல் படிக்கிறேன். டிஎன்ஏவின் பெர்சிஸ்டன்ஸ் லெங்த் (இழையின் விறைப்பைக் காட்டும் நீளம்) சுமார் 50 நானோமீட்டர், அதாவது ஏறக்குறைய 150 கார இணை, அதற்குள் இழை பெரும்பாலும் நேராகவே இருக்கும் என்று பாடம் சொல்கிறது. அடுத்த பாடத்தில் பார்த்தால் 147 கார இணை ஹிஸ்டோன் (டிஎன்ஏ சுற்றிக்கொள்ளும் புரதம்) மேல் ஒன்றரைச் சுற்றுக்கு மேலேயே சுற்றியிருக்கிறது. இரண்டும் எப்படி ஒத்துவரும்? டிஎன்ஏவை வளையும் கம்பியாகப் பார்க்கும் மாடலே தப்பா?

பதில் 1:
மாடல் சரிதான். 50 நானோமீட்டர் என்றால் அதற்குள் வளையவே வளையாது என்று அர்த்தமில்லை. கரைசலில் தனியாகக் கிடக்கும் இழை, வெறும் வெப்ப அசைவால் எவ்வளவு தூரத்தில் தன் திசையை மறக்கிறது என்பதற்கான அளவு அது. வேறொன்று பிடித்து வளைத்தால் வளையும், ஆற்றல் செலவாகும். கணக்குப் போட்டே பாருங்கள். வளைவுக் கோணத்தின் வர்க்கத்தைப் பெர்சிஸ்டன்ஸ் லெங்த்தால் பெருக்கி, இழை நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் ஆற்றல் கேடி (kT, வெப்ப அசைவின் ஆற்றல் அளவு) அலகில் கிடைக்கும். இங்கே இரண்டு நீளமும் கிட்டத்தட்ட 50 என்பதால் அடிபட்டுப் போகும். 1.65 சுற்று என்பது சுமார் 10.4 ரேடியன், ஆக 54 கேடி. பெரிய செலவுதான், ஆனால் ஹிஸ்டோனில் உள்ள லைசின், ஆர்ஜினின் என்ற நேர்மின் அமினோ அமிலங்கள் 14 இடங்களில் டிஎன்ஏவின் எதிர்மின் பாஸ்பேட்டைப் பிடித்துக்கொண்டு அதைக் கட்டிவிடுகின்றன.

பதில் 2:
அது இழை முழுக்க ஒரே சீரான கம்பி என்று வைத்துப் போட்ட கணக்கு, நிஜத்தில் வரிசையைப் பொறுத்து வளைவு மாறும். ஐந்தாறு ஏ (அடினின் காரம்) தொடர்ந்து வரும் துண்டு தானாகவே கொஞ்சம் வளைந்திருக்கும். அப்படிப்பட்ட துண்டுகள் சுமார் 10.5 கார இணைக்கு ஒன்று, அதாவது ஒரு திருகுக்கு ஒன்று என்று வந்தால் எல்லா வளைவும் ஒரே பக்கம் சேர்ந்து முழு இழையும் வளையும். ஒன்றரைத் திருகுக்கு ஒன்று என்றால் ஒன்றையொன்று ரத்து செய்துவிடும். எனக்கு இந்தத் துறையில் மிகவும் பிடித்த விஷயமே இதுதான். நியூக்ளியோசோம் (ஹிஸ்டோனும் அதைச் சுற்றிய டிஎன்ஏவும்) விரும்பி உட்காரும் வரிசைகளிலும் ஏஏ, டிடி (டி என்றால் தைமின்) ஜோடிகள் ஏறக்குறைய 10 கார இணைக்கு ஒருமுறை வருகின்றன, டிஎன்ஏ திருகின் இரு பள்ளங்களில் சிறியது ஹிஸ்டோனைப் பார்க்கும் இடத்தில்.

பதில் 3:
இன்னொன்று, நீளத்தைப் பார்த்து மாடலை எடுங்கள். லாம்டா என்ற வைரஸின் டிஎன்ஏ மாதிரி 48,502 கார இணை இருந்தால், இதே மாடலிலிருந்து வந்த மார்கோ, சிக்கியா சூத்திரம் இழுவிசைச் சோதனைத் தரவுக்கு அழகாகப் பொருந்தும். குட்டித் துண்டில்தான் சண்டை. 2004இல் க்ளூட்டியர், விடம் (Widom) என்ற ஆய்வாளர்கள் 94 கார இணைத் துண்டு எதிர்பார்த்ததைவிடப் பல மடங்கு எளிதாக வட்டமாகிறது என்றார்கள். 2005இல் வேறொரு குழு, அந்தச் சோதனையில் லைகேஸ் (டிஎன்ஏ முனைகளை ஒட்டும் நொதி) அதிகமாகப் போய்விட்டது, குறைத்தால் பழைய மாடலே போதும் என்று காட்டியது.

கேள்வி கேட்டவர்:
நானும் போட்டுப் பார்த்தேன், 54 வந்தது, நன்றி. அப்புறம், உப்பு குறைந்தால் அந்த 50 மாறுமா?

பதில் 1:
மாறும். உப்பு மிகவும் குறைந்தால் பாஸ்பேட்டுகள் ஒன்றையொன்று இன்னும் பலமாகத் தள்ளும், இழை விறைக்கும், எண் கூடும். அதனால் 50 என்று எழுதும்போது எந்த உப்புச் செறிவில் என்பதையும் பக்கத்திலேயே எழுதுங்கள்.