படங்களைத் தொட்டால் பேசும் செயலி: தமிழ் வாக்கியம் சரியாக அமைய என்ன செய்யலாம்?

மலர்விழி:
மூளை முடக்குவாதம் உள்ள என் 7 வயது மகனுக்கு நாங்கள் சொல்வதெல்லாம் புரிகிறது, பேச்சுதான் வரவில்லை. படங்களைத் தொட்டால் குரல் எழுப்பும் செயலியை டேப்லெட்டில் ஏற்றிக் கொடுத்தோம். ‘நான்’, ‘தண்ணீர்’, ‘வேண்டும்’ என்று அவன் தொட, அது ‘நான் தண்ணீர் வேண்டும்’ என்றது. அவன் தங்கை சிரித்துவிட்டாள். அன்றிலிருந்து அவன் அதைத் தொடுவதில்லை. கருவி பழகினால் பேச்சே வராது என்று என் மாமியார் அஞ்சுகிறார். பள்ளியிலோ அதைப் பைக்குள் வைக்கச் சொல்கிறார்கள்.

பேச்சுப் பயிற்சியாளர்:
செயலியின் படப் பலகையில்தான் பிழை, அம்மா. ஆங்கிலத்துக்கு அமைத்த கட்டங்களைச் சொல்லுக்குச் சொல் தமிழாக்கினால் இப்படித்தான் ஆகும். வேண்டும், வேண்டாம், பிடிக்கும், தெரியும், பசிக்கிறது, வலிக்கிறது என ஒரு குழந்தை முதலில் சொல்ல விரும்பும் சொற்களில் பெரும்பாலானவை தமிழில் ‘எனக்கு’ என்பதையே கேட்கின்றன. ஆகவே முதல் கட்டத்தில் ‘எனக்கு’ இருக்கட்டும். ‘நான்’ அடுத்ததாக வரட்டும். சீபோர்டு போன்ற இலவசச் செயலிகளில் படத்தின்கீழ் எழுதுவதும் குரல் சொல்வதும் வேறாக இருக்கலாம் என்பதால், ‘வேண்டும்’ என்று எழுதி, வீட்டில் பேசுவதுபோல ‘வேணும்’ என்று ஒலிக்கச் செய்யலாம். பாட்டியை அழைக்க ‘வாங்க’, தங்கையை அழைக்க ‘வா’ என இரண்டும் தேவை. பேச்சு நின்றுவிடும் என்ற அச்சத்துக்கு ஆய்வுகளில் ஆதாரம் இல்லை. சில குழந்தைகளுக்குப் பேச்சு சற்றுக் கூடியதும் உண்டு.

ஒரு தந்தை:
என் மகளின் விரல் நடுங்கிப் பக்கத்துக் கட்டத்தில் படும். கட்டங்களுக்கு ஏற்பத் துளையிட்ட பிளாஸ்டிக் தகட்டைத் திரைமேல் பொருத்திய பின் அது வெகுவாகக் குறைந்தது. தொடவே இயலாதவர்களுக்கு, கட்டங்கள் ஒவ்வொன்றாக ஒளிர்ந்துவர, வேண்டியது வந்ததும் ஒரே பொத்தானை அழுத்தும் முறையும் இருக்கிறது, மெதுவானதுதான் என்றாலும். அதே பலகையைத் தாளிலும் அச்சிட்டு வையுங்கள். வெயிலில் திரை தெரியாது, சார்ஜும் தீர்ந்துபோகும். இன்னொன்று: நீங்கள் பேசும்போதே நீங்களும் படங்களைத் தொட்டுக் காட்டுங்கள். தேர்வு வைப்பதுபோல் ‘தொடு, தொடு’ என்றே நாங்கள் ஓராண்டை வீணாக்கினோம்.

சட்டம் பயின்றவன்:
பள்ளியைப் பற்றி மட்டும் சொல்கிறேன். பேச்சுக்குத் துணையான மாற்றுத் தொடர்பு முறைகளைக் கல்வியில் ஊக்குவிக்கும் கடமையை, 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 17ஆம் பிரிவில் அரசின்மீதும் உள்ளாட்சி அமைப்புகளின்மீதும் சுமத்துகிறது. அதைக் குறிப்பிட்டுத் தலைமையாசிரியருக்கு எழுத்து மூலமாகக் கொடுங்கள்.

மலர்விழி:
அனைவருக்கும் நன்றி. ‘எனக்கு’ முன்னால் வந்துவிட்டது. நேற்று மாலை ‘எனக்கு’, ‘வேண்டாம்’ என்று தானாகவே தொட்டான். எது வேண்டாம் என்று கேட்டேன்; டேப்லெட்டைக் காட்டினான்.