உடம்பு முடியாத அக்காவுக்கு மொய் விருந்து வைக்கலாமா? ஊர்ல ஒரே குழப்பம்

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் வணக்கம். நமக்கு பேராவூரணி பக்கம் ஒரு கிராமம், பேர் வேணாம், போட்டா யார்னு தெரிஞ்சுடும். எங்க தெருவுல ஒரு அக்கா இருக்காங்க, வயசு 43, டெய்லர், எங்க வீட்டு பொம்பளைங்க ரவிக்கை எல்லாம் அவங்க தச்சதுதான். தை மாசம் மார்புல கட்டின்னு போய் கேன்சர்னு தெரிஞ்சு, திருச்சில ஒரு ஆஸ்பத்திரில காப்பீட்டு அட்டையிலயே ஆபரேஷன் முடிஞ்சு இடது பக்கம் எடுத்துட்டாங்க. இப்ப கீமோ மூணு போயிருக்கு, இன்னும் அஞ்சு இருக்காம், அதுக்கப்புறம் 25 நாள் கரண்டு, அதான் ரேடியேஷன், வைக்கணும்னு சொல்லிருக்காங்க. அவங்க வீட்டுக்கார அண்ணனுக்கு தேங்கா உரிக்கிற வேலை, கூடப் போய் வர்றதால மாசத்துல பாதி நாள் வேலைக்கே போறதில்ல. பையன் பத்தாவது, பொண்ணு ஏழாவது.

இப்ப விஷயம் என்னன்னா எங்க பக்கம் ஆடி ஆவணின்னா மொய் விருந்து சீசன்னு உங்களுக்கே தெரியும். ஊர் பசங்க எல்லாம் சேந்து அக்கா பேர்ல ஒரு மொய் விருந்து வச்சு காசு திரட்டலாம்னு முடிவு பண்ணிட்டாங்க, நல்ல எண்ணத்துலதான். ஆனா ஒருத்தன் அவசரப்பட்டு ஃப்ளெக்ஸ் டிசைன் பண்ணி குரூப்ல போட்டுட்டான். அதுல அக்கா முடி கொட்டுன தலையோட இருக்கிற போட்டோ, கீழ பெருசா மார்பகப் புற்றுநோய்னு எழுதி, சுத்தி இருபது பேர் பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. அது அக்கா பொண்ணு செல்லுக்கே ஃபார்வேர்டா வந்துருக்கு. அக்கா எங்கம்மாகிட்ட வந்து அழுதுச்சு, பஸ் ஸ்டாண்டுல என் நெஞ்சப் பத்தி எழுதி வைக்கப் போறாங்களாம்மான்னு. அண்ணன் என்னடான்னா காசு வந்தா போதும்டா வெக்கம் பாத்தா ஆகுமாங்குறாரு.

எங்கப்பா வேற ஒண்ணு சொல்றாரு. மொய்னா திருப்பி செய்யணும், அந்தப் புள்ள தேறி வந்து அத்தன பேருக்கு எப்படி செய்யும்னு. எனக்கு ரெண்டு பக்கமும் சரின்னுதான் படுது. யாராச்சும் இந்த மாதிரி செஞ்ச அனுபவம் இருந்தா சொல்லுங்க.

மொய்நோட்டு எழுதியது:

தம்பி, நான் புதுக்கோட்டை மாவட்டம், பதினெட்டு வருசமா மொய் எழுதுறேன், இப்ப கம்ப்யூட்டர்ல ரசீது அடிச்சு குடுக்குற காலம் வந்தும் என் நோட்டுக்கு இன்னும் ஆள் இருக்கு. உங்கப்பா சொல்றது நூத்துக்கு நூறு சரி. மொய் தானம் இல்ல, வட்டியில்லாத கடன். இன்னிக்கு ஆயிரம் எழுதுனவன் நாலஞ்சு வருசம் கழிச்சு அவன் விருந்து வைக்கிறப்ப அந்த ஆயிரத்தோட புது நடையா இன்னும் கொஞ்சம் சேத்து எதிர்பாப்பான். அவன் கேக்கலைன்னாலும் அவன் வீட்டுப் பொம்பளை நோட்டப் பொரட்டிப் பாக்கும். 2018 நவம்பர்ல கஜா புயல் அடிச்சு தென்னையெல்லாம் சாஞ்சப்ப எத்தன குடும்பம் வாங்குன மொய்ய திருப்ப முடியாம நகைய வச்சுதுன்னு நான் பாத்துருக்கேன். கீமோ போட்டுட்டு இருக்க பொம்பளை தலையில அத ஏத்தாதீங்க. அதுக்கு மேல விருந்துச் செலவு, கறி, பந்தல், பத்திரிகை, ஃப்ளெக்ஸ், இதெல்லாம் போக நிக்கிறது என்னன்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

செய்யணும்னா ஒண்ணு செய்யலாம். ஊர்ல எப்படியும் நாலஞ்சு பேர் சேந்து விருந்து வைப்பாங்கல்ல, அந்தப் பந்தல்ல ஒரு ஓரமா தனி அண்டா ஒண்ணு வைங்க. மருத்துவ உதவின்னு மட்டும் எழுதுங்க. நோட்டு கிடையாது, பேர் எழுதக் கூடாது, மைக்குல வாசிக்கக் கூடாது. பேர் எழுதலைன்னா அது மொய் இல்ல, யாரும் திருப்பிக் கேக்க முடியாது. ஆனா எண்ணுறப்ப மூணு பேர் உக்காந்து எண்ணுங்க, அதுல ஒரு ஆள் அவங்க சொந்தக்காரரா இருக்கட்டும்.

ஓஎம்ஆர்வாசி எழுதியது:

ப்ரோ எங்க கம்பெனில அக்டோபர் மாசம் பிங்க் வாக், அதான் மார்பகப் புற்றுநோய்க்காக நடக்குறது, நடத்துனோம், பீச்ல காலைல ஆறு மணிக்கு. டி ஷர்ட், தொப்பி, ட்ரோன் கேமரான்னு ஆன செலவப் பாத்தா வசூல்ல கிட்டத்தட்ட பாதி, அத வெளிய சொல்லாம அமுக்கிட்டாங்க. மிச்சத்த ஒரு ஆஸ்பத்திரி ஏழை நோயாளிங்க ஃபண்டுக்குக் குடுத்தோம். அது மாதிரி ட்ரஸ்டுக்குக் குடுத்தா வருமான வரிக்கழிவுக்கு 80ஜி ரசீது கிடைக்கும், ஆனா கேஷா 2000 ரூபாக்கு மேல குடுத்தா வரிக்கழிவு கிடையாது, அதையும் சொல்லி வைங்க. தனி ஆளுக்கு நேராக் குடுத்தா 80ஜி கிடையாது.

ஒண்ணு சொல்லணும், அடையாறு கேன்சர் இன்ஸ்டிடியூட்டே ஜனங்க குடுத்த காசுல எழும்புனதுதான. முத்துலட்சுமி ரெட்டி தன் தங்கச்சிய கேன்சர்ல பறிகுடுத்தவங்க, கடைசில 1954ல வெறும் 12 படுக்கையோட ஆரம்பிச்சாங்க. அப்ப யாரும் ட்ரோன் விடல :)

பச்சிலை எழுதியது:

கீமோ எல்லாம் வியாபாரம். முள்சீத்தா இலைய கொதிக்க வச்சு 48 நாள் குடிக்கச் சொல்லுங்க, கட்டி கரைஞ்சுடும். வசூலும் வேணாம் ஒண்ணும் வேணாம்.

மறுபடி_பூத்தவ எழுதியது:

பச்சிலை அண்ணே, கையெடுத்துக் கும்புடுறேன், இங்க வேணாம். நான் அந்தக் கசாயத்த மூணு மாசம் குடிச்சு கட்டிய வளத்துட்டுத்தான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். அந்த மூணு மாசத்த யார் எனக்குத் திருப்பித் தருவா?

தென்னந்தோப்பு தம்பி, எனக்கு ஆபரேஷன் முடிஞ்சு ஆறு வருசம் ஆச்சு, தினம் ஒரு மாத்திரை அஞ்சு வருசம் போட்டு அதையும் முடிச்சுட்டேன், அதனால உங்க அக்கா எடத்துல நின்னு சொல்றேன். மொதல்ல அந்த ஃப்ளெக்ஸ அழிக்கச் சொல்லுங்க, குரூப்ல போட்டவனே எல்லாருக்கும் டெலிட் குடுக்கட்டும். எனக்கு உடம்பு முடியாதப்ப வந்தவங்க பாதிப் பேர் எந்தப் பக்கம் எடுத்தாங்கன்னு கேட்டுட்டு கண்ணு நேரா அங்கதான் போகும், முந்தானைய இழுத்து இழுத்து மூடியே எனக்குக் கை ஓஞ்சு போச்சு. காசு குடுத்தவங்கள நான் மறக்கல, ஆனா நெஞ்சுல நிக்கிறது வேற. எதுத்த வீட்டு சின்னம்மா ஆறு மாசம் எங்க மாட்டுல பால் கறந்து சொசைட்டிக்கு ஊத்துனாங்க, ஒரு நாள்கூட உள்ள வந்து எப்படி இருக்கன்னு கேக்கல, சொம்ப வாசல்ல வச்சுட்டுப் போயிடுவாங்க. அது போதும்னு இருந்துச்சு எனக்கு.

இன்னொண்ணு யாரும் சொல்ல மாட்டாங்க. ஆபரேஷன் முடிஞ்சா அக்குள் கிட்ட இருந்து ஒரு ட்யூப் விட்டு கீழ ஒரு டப்பா தொங்கும், ரத்த நீர் அதுல எறங்கும், ரெண்டு வாரம் அதத் தூக்கிட்டேதான் இருக்கணும். நான் அத ஜவுளிக்கடை மஞ்சப்பையில போட்டு கழுத்துல மாட்டிக்கிட்டுத் திரிஞ்சேன், பஸ்ல எவனாச்சும் இடிச்சா உயிரே போயிடும். அப்புறம் வார்டுல ஒரு பொண்ணு குறுக்கால போடுற மாதிரி நாடா வச்ச சின்னப் பை வச்சிருந்துச்சு, காட்டன் துணி, ஒரு மணி நேரம்கூட ஆகாது தைக்க. அதப் பாத்து எனக்கு அழுகையே வந்துருச்சு, இத யோசிக்க ஒரு ஆள் இல்லாமப் போச்சேன்னு.

அதே மாதிரிதான் ரவிக்கைக்குள்ள வைக்கிறது. கடையில சிலிக்கான்ல விக்கிறது ஆயிரக்கணக்குல சொல்றான், நான் பழைய வேட்டித் துணிய உருட்டி வச்சேன், நடக்க நடக்க அது மேல ஏறி தோள்பட்டைக்கு வந்துடும். கல்யாண வீட்டுல பந்தியில உக்காந்து ஒரு கையால அதப் பிடிச்சுக்கிட்டே சாப்ட்டேன்னு இப்ப சொன்னா சிரிப்பு வருது. பருத்தி நூல்ல குரோஷால பின்னி உள்ள பஞ்சு அடைச்சு சும்மாவே குடுக்குற பொம்பளைங்க நம்ம நாட்டுலயும் இருக்காங்க, அதுல அடியில கொஞ்சம் கனம் வச்சா மேல ஏறாது. பின்னல் தெரிஞ்ச பொம்பளைங்க உங்க ஊர்ல இருந்தா ரெண்டு மூணு நாள்ல பின்னிடலாம். புண்ணு நல்லா ஆறுனப்புறம்தான் வைக்கணும், அத டாக்டர்ட்ட கேட்டுக்குங்க.

அப்புறம் அந்தக் கையில தண்ணிக் கொடம் தூக்க விடாதீங்க, ஊசி, பிபி பாக்குறது எல்லாம் மறு கையிலதான். கை வீங்கிருச்சுன்னா தையல் வேலையே போயிடும் அவங்களுக்கு.

கவுன்ட்டர்_நம்பர்_4 எழுதியது:

நான் ஒரு ஆஸ்பத்திரில காப்பீட்டு டெஸ்க்ல வேலை பாக்குறேன், எங்கன்னு சொல்லல. இந்த மாதிரி குடும்பங்க தினமும் பாக்குறதுதான், எனக்குத் தெரிஞ்ச வரைக்கும் சொல்றேன்.

முதலமைச்சர் காப்பீட்டுல வருசத்துக்கு குடும்பத்துக்கு 5 லட்சம் வரைக்கும் உண்டு, ஆபரேஷன், கீமோ, கரண்டு மூணுமே அதுல வரும். அட்டை இல்லாத வேற யாராச்சும் இதப் படிச்சா, ரேஷன் கார்டு, ஆதார், விஏஓ குடுக்குற வருமானச் சான்று (வருசம் 1,20,000க்குள்ள இருக்கணும்) எடுத்துக்கிட்டு கலெக்டர் ஆபீஸ்ல அதுக்குன்னு இருக்குற கவுன்ட்டருக்குப் போங்க. அதனால பெரிய பில்லு உங்க அக்காவுக்கு ஏற்கனவே போயிட்டு இருக்கு. ஆனா ஜனங்க அங்கதான் தப்பாக் கணக்குப் போடுறாங்க, அட்டை இருக்கே அப்புறம் எதுக்கு வசூல்னு. பஸ் காசு, கூட வர்றவர் போன கூலி, வெளிய எழுதிக் குடுக்குற சில டெஸ்ட்டு, ரூம் வாடகை, சாப்பாடு, இதுல எதுவும் அட்டையில வராது. கீமோவாச்சும் மூணு வாரத்துக்கு ஒரு தடவை. கரண்டு அப்படி இல்ல, திங்கள்ல இருந்து வெள்ளி வரைக்கும் தினமும், மிஷின்ல பத்து நிமிசம்தான் இருப்பாங்க, ஆனா பேராவூரணில இருந்து திருச்சி போய்ட்டு வந்தா அன்னிக்கி நாள் முடிஞ்சுது. 25 நாள்னா அஞ்சு வாரம். ஆபரேஷன் வரைக்கும் தைரியமா இருந்துட்டு கரண்டுல பத்தாவது நாளோட நின்னு போனவங்கள எனக்குத் தெரியும், எல்லாம் பஸ் காசுதான் காரணம். ஆடியில ஒரே நாள்ல வசூல் பண்ணி மொத்தமாக் குடுத்தீங்கன்னா கரண்டு ஆரம்பிக்கிறப்ப ஒரு ரூபா இருக்காது, பழைய கடன்காரன் மொத ஆளா வந்து நிப்பான். மாசா மாசம் போற மாதிரி வைங்க.

ஆன்லைன்ல வசூல் பண்றதா இருந்தா க்யூஆர் கோடு ஃபார்வேர்டு பண்ணாதீங்க, வழியில எவனாச்சும் அவன் கோட ஒட்டி அனுப்பிடுறான், கதை நிஜம் க்யூஆர் மட்டும் பொய்யின்னு நிறைய நடக்குது. ஆஸ்பத்திரிக்குக் கட்ட வேண்டிய தொகைன்னா நேரா ஆஸ்பத்திரி அக்கவுன்ட்டுக்கு நோயாளி நம்பர் போட்டுக் கட்டச் சொல்லுங்க. வெப்சைட் மூலமாப் போனா டிப்ஸ்னு ஒரு கட்டத்துல அவங்களே ஒரு தொகை போட்டு வச்சிருப்பாங்க, குடுக்குறவங்க அத மாத்திக்கலாம், கவனிக்காம போயிடுறாங்க. சொந்தக்காரங்க இல்லாதவங்ககிட்ட இருந்து வருசத்துல 50,000க்கு மேல வந்தா அது வருமானமாக் கணக்குல வரும், உங்க அக்காவுக்கு வரி கட்டுற அளவு வராம போகலாம், ஆனா ரசீது எல்லாம் ஒரு கவர்ல போட்டு வைங்க.

எப்பவாச்சும் மெட்ராஸ் போகச் சொன்னாங்கன்னா ரயில்ல கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பர், தேர்டு ஏசில முழு சலுகை, கூடப் போறவருக்கு முக்கால்வாசி. ஆஸ்பத்திரில ஃபாரம் வாங்கி கவுன்ட்டர்ல எடுக்கணும்.

மொய்நோட்டு எழுதியது:

கவுன்ட்டர் சார் சொன்ன அந்த பஸ் காசு விசயம் எனக்கே புதுசு. அப்ப அண்டாவுல வர்றத போஸ்ட் ஆபீஸ்ல அக்கா பேர்லயே போட்டு மாசம் இவ்வளவுன்னு எடுங்க தம்பி. கடன்காரன் வந்தா போஸ்ட் மாஸ்டர்ட்ட கேளுன்னு சொல்லிடலாம்.

தென்னந்தோப்பு எழுதியது:

எல்லாருக்கும் லேட்டா பதில் போடுறேன், மன்னிச்சுக்குங்க. விருந்து முடிஞ்சுது. ஃப்ளெக்ஸ அன்னிக்கே டெலிட் பண்ண வச்சேன், போட்டவன் கொஞ்ச நாள் என்கூடப் பேசல, இப்ப பேசுறான். எங்க பெரியப்பாவோட சேத்து அஞ்சு பேர் ஆடிக் கடைசில வச்ச விருந்துல பந்தல் வாசல்கிட்ட ஒரு பித்தளை அண்டா வச்சோம், மருத்துவ உதவி, பேர் எழுதப்படாதுன்னு ஒரு அட்டை. யாருக்குன்னு ஊருக்கே தெரியும், ஆனா யாரும் வாய விட்டுச் சொல்லல. மொத ஒரு மணி நேரம் யாரும் கிட்டயே வரல, பேர் எழுதாம காசு போட நம்ம ஆளுங்களுக்குக் கை வராது போல. அப்புறம் ஒரு பாட்டி சுருக்குப் பைய அவுத்து நூறு ரூபா போட்டுச்சு, அதுக்கப்புறம் ஓடுச்சு. எண்ணுனப்ப 1,12,640. ஒரு துண்டுச் சீட்டுல பென்சில்ல மாசம் 25 கிலோ அரிசி மில்லுல வந்து வாங்கிக்கவும்னு எழுதிக் கெடந்துச்சு, மில் பேர் போடல, எங்க ஊர்ல இருக்குறதே ரெண்டு மில்லுதான், கண்டுபிடிச்சுட்டோம்.

பணத்தக் குடுக்கப் போனா அக்கா மொதக் கேள்வி, நோட்டு எங்கடான்னு. நோட்டே இல்லக்கான்னா ஒத்துக்கல. அப்ப நாளைக்கி யார் வீட்டு விசேசத்துக்கு நான் என்னன்னு எழுதுவேன், எல்லார் மூஞ்சியும் எனக்குக் கடன்காரன் மூஞ்சியாத் தெரியுமேடான்னு கேட்டுச்சு. இத நாங்க யாருமே யோசிக்கல. பேர் இல்லன்னா பாரம் இல்லன்னு நெனச்சோம், அதுக்கு ஊரே பாரமாயிருச்சு. எங்கம்மாதான் இந்த த்ரெட்ல மறுபடி பூத்தவ அக்கா எழுதுனத செல்லுல வாசிச்சுக் காட்டுச்சு, அந்த ட்யூப் பை விசயம். அக்கா ரொம்ப நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் நாடா எவ்வளவு நீளம் வேணுமாம், டப்பா என்ன சைசுன்னு கேளுன்னுச்சு. முடியுற அன்னிக்கி மட்டும் தைக்குது, இது வரைக்கும் பதினாலு பை ஆயிருக்கு, கீமோக்குப் போறப்ப வார்டு நர்ஸ் அக்காட்ட குடுத்துட்டு வர்றாங்க. துணி பசங்க செலவு. மறுபடி பூத்தவ அக்கா, அளவு மட்டும் ஒருக்கா சரியா சொல்லுங்க, இப்ப கண்ணளவுக்குத்தான் போகுது.

கார்த்திகைல கரண்டு ஆரம்பிக்குது. வண்டிக்கு நாள்வாரியா லிஸ்ட் போட்டுருக்கோம், 25 நாள்ல 16 நாளுக்கு ஆள் வந்தாச்சு. புதன்கிழமை அஞ்சும் காலி, வெள்ளி நாலு காலி. அந்தக் கிழமைல அறந்தாங்கி புதுக்கோட்டை வழியா திருச்சி போற ஆளுங்க யாராச்சும் இருந்தா சொல்லுங்க, காலைல நாலரைக்குக் கெளம்பணும், டீசல் அண்டாவுல இருந்து.