‘ஸ்கொயர் அப்’ என்றால் சண்டையா, கணக்குத் தீர்ப்பதா?

கேள்வி: கால்பந்துச் செய்தியில் இரண்டு வீரர்கள் ‘ஸ்கொயர்ட் அப் டு ஈச் அதர்’ என்று படித்தேன். அகராதியில் பாக்கியைத் தீர்ப்பது என்றும் போட்டிருக்கிறது. அடித்துக்கொண்டார்களா, ராசியாகிவிட்டார்களா?

பதில் 1: ரெண்டும் இல்லை. நெஞ்சை நிமிர்த்தி, முகத்துக்கு முகம், அடிக்கத் தயாராக நின்றார்கள், அவ்வளவுதான். அடி விழுந்ததா என்பதை அடுத்த வரியில்தான் பார்க்க வேண்டும். பின்னால் வரும் ‘டு’வைக் கவனியுங்கள், அதுவே ‘வித்’ என்றால் பெரும்பாலும் பணம் செட்டில் பண்ணுவது. ஆளோடு மட்டுமில்லை, ஒரு பிரச்சினையைத் துணிந்து எதிர்கொள்வதற்கும் ‘ஸ்கொயர் அப் டு’ வரும்.

பதில் 2: அமெரிக்கர்கள் ‘ஸ்கொயர் ஆஃப்’ என்பார்கள், தேர்தல் விவாதத்தில் இரண்டு வேட்பாளர்கள் மோதினாலும் அதேதான். ஆனால் நம்ம ஊர் பங்குச்சந்தையில் ‘ஸ்கொயர் ஆஃப்’ என்றால் வாங்கியதை விற்றுக் கணக்கை முடிப்பது. (நஷ்டமானால் சண்டை வீட்டில்.)

பதில் 3: கிரிக்கெட் வர்ணனையில் வருவது வேறு. அவுட்ஸ்விங்கரை (பேட்ஸ்மேனை விட்டு வெளிப்பக்கம் வளைந்து போகும் பந்தை) ஆடப்போய் பேட்ஸ்மேனின் நெஞ்சு பவுலர் பக்கம் திரும்பிவிட்டால் ‘ஸ்கொயர்ட் அப்’ என்பார்கள்.

கேள்வி கேட்டவர்: சரி, ‘ஹி ஸ்கொயர்ட் அப் டு ஹிஸ் பாஸ்’ என்று எழுதலாமா?

பதில் 1: எழுதலாம், ஆனால் சட்டையைப் பிடிக்கப் போனதுபோல இருக்கும். எதிர்த்துப் பேசினார் என்றால் ‘ஸ்டுட் அப் டு’ போதும்.