வறுவலில் உண்டாகும் அக்ரிலமைடு ரத்தத்தில் கலக்குமா?

அடுப்பங்கரை:
எங்கள் வீட்டுப் பிள்ளைகளுக்கு உருளைக்கிழங்கு வறுவல் ஓரம் கருகி மொறுமொறுவென்று இருந்தால்தான் சோறு இறங்கும். வறுத்தால் அக்ரிலமைடு என்ற வேதிப்பொருள் உண்டாகும் என்று எல்லோரும் சொல்கிறார்கள், அதற்கு அடுத்த கட்டத்தை யாரும் சொல்வதில்லை. அது குடலோடு வெளியே போய்விடுமா, ரத்தத்தில் கலக்குமா? கலந்தால் எவ்வளவு நாள் இருக்கும்?

கொங்குத்தமிழன்:
தலைமுறை தலைமுறையாக வறுத்துத்தானே சாப்பிடுகிறோம். கல்லீரல் பார்த்துக்கொள்ளும், கவலைப்படாதீர்கள்.

மருந்தியல்_மாணவி:
கல்லீரல் பார்த்துக்கொள்ளும் என்பது பாதிதான் சரி. அக்ரிலமைடு மிகச் சிறிய மூலக்கூறு, தண்ணீரில் நன்றாகக் கரையும், அதனால் குடல் அதைச் சுலபமாக உறிஞ்சி ரத்தத்துக்கு அனுப்பிவிடுகிறது. அங்கிருந்து எல்லா உறுப்புக்கும் போகும், நஞ்சுக்கொடியைத் தாண்டும், தாய்ப்பாலிலும் வரும். பெரும்பகுதியை உடலிலேயே இருக்கும் குளுட்டதயோன் என்ற பொருள் பிடித்துச் சிறுநீரில் தள்ளிவிடும். உருளைக்கிழங்கு சிப்ஸ் கொடுத்துப் பார்த்த ஆய்வில் உள்ளே போனதில் பாதிக்கு மேல் மூன்று நாளுக்குள் சிறுநீரில் வந்துவிட்டது. பிரச்சினை மீதியில்தான். அதில் ஒரு பங்கைக் கல்லீரல் நொதியே கிளைசிடமைடு என்ற வேறொரு வேதிப்பொருளாக மாற்றுகிறது, அது டிஎன்ஏவில் ஒட்டக்கூடியது. இன்னொரு பங்கு ரத்தச் சிவப்பணுவுக்குள் இருக்கும் ஹீமோகுளோபினில் ஒட்டிக்கொண்டு, அந்தச் சிவப்பணு சாகும்வரை, அதாவது சுமார் 120 நாள் வரை, அங்கேயே இருக்கும்.

கொங்குத்தமிழன்:
ஒட்டியிருக்கிறது என்று எப்படிக் கண்டுபிடித்தார்கள்?

மருந்தியல்_மாணவி:
ஸ்வீடனில். 1997இல் ஹாலண்ட்சோஸ் ரயில் சுரங்கம் தோண்டும்போது, கசிவை அடைக்கப் போட்ட பூச்சிலிருந்த அக்ரிலமைடு நிலத்தடி நீரில் கலந்து, மீன்கள் செத்து, மாடுகள் நடக்க முடியாமல் விழுந்தன. தொழிலாளர்களின் ரத்தத்தைச் சோதித்தார்கள், ஒப்பிட்டுப் பார்க்க வெளி ஆட்களின் ரத்தத்தையும் எடுத்தார்கள். சுரங்கத்தின் பக்கமே போகாதவர்கள் ரத்தத்திலும் ஹீமோகுளோபினில் ஒட்டிய அதே அக்ரிலமைடு தடயம் இருந்தது! எங்கிருந்து வந்தது என்று தேடிப்போய்த்தான், 120 டிகிரிக்கு மேல் சூடாகும் மாவுச்சத்து உணவில் அஸ்பரஜின் என்ற அமினோ அமிலமும் சர்க்கரையும் சேர்ந்து அதை உண்டாக்குகின்றன என்பது தெரிந்தது. 2002இல் அறிவித்தார்கள். அவித்த கிழங்கிலும் இட்லியிலும் இந்தச் சிக்கல் கிட்டத்தட்ட இல்லை, தண்ணீர் இருக்கும்வரை சூடு அந்த அளவுக்கு ஏறாது.

அடுப்பங்கரை:
அப்படியானால் புற்றுநோய் வருமா? நேராகச் சொல்லுங்கள்.

மருந்தியல்_மாணவி:
விலங்குகளில் வந்திருக்கிறது, அதனால் உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 1994லேயே 'மனிதருக்கு அநேகமாகப் புற்றுநோய் வரவழைக்கக்கூடும்' என்ற 2ஏ பிரிவில் அதை வைத்துவிட்டது. உணவில் இருக்கும் அளவை வைத்து மனிதர்களிடம் செய்த ஆய்வுகளில் உறுதியான தொடர்பு கிடைக்கவில்லை. ஆனால் குழந்தைகள் எடைக்கு நம்மைவிட அதிகம் சாப்பிடுகிறார்கள், அதனால் உங்கள் கவலை வீண் இல்லை.

சமையல்_ராணி:
கிழங்கை ஃபிரிட்ஜில் வைக்காதீர்கள் அக்கா, குளிரில் மாவுச்சத்து சர்க்கரையாக மாறி, வறுக்கும்போது சீக்கிரம் கருகும். நறுக்கி அரை மணி நேரம் தண்ணீரில் ஊறவைத்து, அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டு, நன்றாகத் துடைத்து வாணலியில் போடுங்கள். பொன்னிறம் வந்ததும் இறக்கிவிடுங்கள். மொறுமொறுப்பு வேண்டும் என்றால் மெல்லிசாக நறுக்கினால் போதும், கருகவிட வேண்டியதில்லை.