ரோட்டிலேயே ரத்தம் ஏற்றிய அனுபவம் யாருக்காவது உண்டா?

நெய்தல்: கிழக்கு லண்டனில் ஆம்புலன்ஸ் பாராமெடிக். லாரி, சைக்கிள், இடுப்பெலும்பு. மீதியை ஊகித்துக்கொள்ளுங்கள். இடுப்புக்குப் பெல்ட் கட்டியாயிற்று, மணிக்கட்டில் நாடி கிடைக்கவில்லை. ஹெலிகாப்டர் டீம் வந்தது (2012 முதலே இங்கே அவர்கள் ரத்தம் கொண்டுவருகிறார்கள்). டாக்டர் பெட்டியைத் திறந்து ஓ நெகட்டிவ் எடுத்து வார்மரில் (ரத்தத்தைச் சூடாக்கும் கருவி) மாட்டினார். இரண்டாவது பை பாதி போனதும் அந்த ஆள் கண்ணைத் திறந்து, "சைக்கிளைப் பூட்டிட்டீங்களா?" என்றார். சைக்கிள் லாரிக்கு அடியில் மடிந்து கிடந்தது. "பூட்டியாச்சு" என்றேன். அப்புறம் அவர் என்ன ஆனார் என்று தெரியாது. அந்தக் கேள்வி மட்டும் என்னை விடுவதாக இல்லை.

நாலுவழிச்சாலை: பொறாமையாக இருக்கிறது அண்ணா. நான் 108 ஆம்புலன்ஸில் ஈஎம்டி (முதலுதவி பார்க்கிற ஆள்), விழுப்புரம் பக்கம். எங்களிடம் ஏது ரத்தம், சலைன்தான். பைக் விபத்து, தொடை நசுங்கிவிட்டது. அடிபட்டவரோடு ஏறிய அவர் தம்பி சட்டைக்கையை மடித்துவிட்டு, "எனக்கும் அவனுக்கும் ஒரே குரூப்புண்ணே, எடுத்து ஏத்துங்க" என்று சொல்லிக்கொண்டே வந்தான். டெஸ்ட் பண்ணாமல் ஏற்றக் கூடாது என்று அவனிடம் எப்படிச் சொல்வது? ஜிஎச் வாசல் வரை நீட்டிய கையை அவன் மடக்கவே இல்லை.

கசப்புமருந்து: நெய்தல், ரத்தத்தால்தான் கண் திறந்தார் என்று எப்படிச் சொல்கிறீர்கள்? பெல்ட் காரணமாக இருக்கலாமே. இங்கிலாந்திலேயே ரீஃபில் என்று ஆய்வு நடந்தது, 432 பேர், 2022இல் வெளியானது. சிவப்பணுவும் உலர் பிளாஸ்மாவும் (ரத்தத்தின் திரவப் பகுதியை உலர்த்தியது) பெற்றவர்களுக்கும் வெறும் சலைன் பெற்றவர்களுக்கும் வித்தியாசம் காட்ட முடியவில்லை. நானும் சலைன் மட்டும் போட்டுக் கொண்டுபோய்ச் சேர்த்து, பிழைத்து வந்தவரோடு டீ குடித்திருக்கிறேன்.

நெய்தல்: ரத்தத்தால்தான் என்று நான் எங்கே எழுதினேன்?

சோதனைக்குழாய்: கசப்புமருந்து பாதியைத்தான் சொல்கிறார். 2018இல் அமெரிக்க ஹெலிகாப்டர்களில் 501 பேரிடம் பிளாஸ்மா வைத்துப் பார்த்தார்கள். 30 நாளில் இறந்தவர்கள் 33 சதவீதத்திலிருந்து 23க்கு இறங்கியது. அதே ஆண்டு டென்வர் நகர ஆம்புலன்ஸ்களில் பார்த்தபோது பலன் தெரியவில்லை. அங்கே ஆஸ்பத்திரி பக்கத்திலேயே. தூரத்தைச் சொல்லாமல் இந்த வாதத்துக்கு அர்த்தமில்லை.

என் கதை சின்னது. பர்மிங்ஹாமில் ரத்த வங்கி லேப். நடு ராத்திரி வந்த ஒரு சாம்பிளில் குரூப் பார்க்கும்போது பாதி அணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றன, பாதி ஒட்டவில்லை. ஒரே ஆளுக்கு இரண்டு குரூப்! வழியிலேயே ஓ ஏற்றியிருக்கிறார்கள், யாரும் எங்களிடம் சொல்லவில்லை. ஆகவே ஏற்றுகிறவர்களே, முதல் பைக்கு முன்னால் ஒரு குழாய் ரத்தம் எடுத்து, பெயர் தெரியாவிட்டாலும் ஏதாவது அடையாளம் எழுதி, நோயாளியோடு அனுப்புங்கள். கால்சியம் கொடுங்கள், ரத்தம் உறையாமலிருக்கப் பையில் சேர்த்திருக்கும் சிட்ரேட் அதைப் பிடித்துக்கொள்ளும். குளிர்ந்த ரத்தத்தை அப்படியே ஏற்றாதீர்கள், உடம்பு குளிர்ந்தால் ரத்தம் சரியாக உறையாது. டிரானெக்ஸாமிக் ஆசிட் (ரத்தக்கசிவைக் குறைக்கும் மருந்து) போடுவதானால் அடிபட்ட மூன்று மணி நேரத்துக்குள். ஓ நெகட்டிவ்வைக் குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்காக மிச்சம் வையுங்கள், ஆண்களுக்கு ஓ பாசிட்டிவ் போதும்.

நாலுவழிச்சாலை: அக்கா, எங்களிடம் வார்மரே கிடையாது.

நெய்தல்: தம்பி, அந்த அண்ணன்காரன் பிழைத்தானா?

நாலுவழிச்சாலை: பிழைத்துவிட்டார் அண்ணா, கால்தான் போய்விட்டது. அவருக்கு ரத்த வங்கியிலிருந்த ரத்தத்தையே ஏற்றினார்கள். தம்பியிடம் அங்கே எடுத்த யூனிட் வேறு யாருக்கோ போயிருக்கும்.