பங்கு வேண்டாம் என்று கையெழுத்திடும் பெண் சுதந்திரமானவளா?

நெய்தல்: பெண்களுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று 1929இல் செங்கல்பட்டுச் சுயமரியாதை மாநாடு தீர்மானம் போட்டது. இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் அது தமிழ்நாட்டுச் சட்டமாவதற்கு 1989 வரை காத்திருந்தோம். அப்போதும் ஏற்கெனவே மணமான மகள்கள் விடுபட்டார்கள், 2005இல் வந்த மத்தியச் சட்டத் திருத்தம்தான் அவர்களையும் சேர்த்தது. இத்தனைக்குப் பிறகும், அப்பாவின் காரியம் முடிந்த கையோடு, சார்பதிவாளர் அலுவலகத்தில், தங்கள் பங்கை விட்டுக்கொடுக்கும் விடுதலைப் பத்திரத்துக்குக் கைரேகை வைக்க அக்கா தங்கைகள் வரிசையில் நிற்கிறார்கள். சொத்துரிமை இல்லாததைப் பெண்ணடிமைக்கு முக்கியக் காரணமாகப் பெரியார் சொன்னார்; உரிமை வந்த பிறகும் அடிமைத்தனம் ஏன் போகவில்லை?

மேலவீதி: அவர்களை அடிமைகள் என்று முடிவுகட்டியது யார்? கல்யாணத்தின்போதே நகையும் சீரும் வாங்கியாயிற்று, தம்பிதான் அம்மாவை வைத்துப் பார்த்துக்கொள்கிறான் என்று யோசித்தே பலர் கையெழுத்திடுகிறார்கள். விவரம் தெரிந்த பெண் எடுத்த முடிவு நமக்குப் பிடிக்கவில்லை என்பதற்காக அதை முடிவே அல்ல என்று தள்ளினால், இதுவரை அப்பாவும் அண்ணனும் செய்ததையே இனிப் பெண்ணியவாதிகள் செய்வார்கள்.

நெய்தல்: அவள் புத்தியை நான் குறை சொல்லவில்லை, நண்பரே, அவள் போடும் கணக்கு சரிதான். மறுத்தால் பிறந்த வீட்டுக்குப் போக்குவரத்து நின்றுவிடும், பிள்ளையின் காதுகுத்துக்குத் தாய்மாமன் மடி கிடைக்காது, புகுந்த வீட்டில் சண்டை வந்தால் போக்கிடம் இருக்காது. பங்கு வாங்கினால் தங்கை உறவு அறுந்துவிடும் என்று எந்த அண்ணனாவது அஞ்சியதுண்டா? மனிதரின் சுதந்திரம் அவரவர் நிற்கும் சூழ்நிலைக்குள்தான் செயல்படுகிறது என்று பிரெஞ்சுப் பெண்ணியச் சிந்தனையாளர் சிமோன் த பொவார் 1949இல் வாதிட்டது இதைத்தான் தொடுகிறது.

பத்திரக்கட்டு: சீர்க் கணக்கை நான் ஏற்கமாட்டேன். நகை இரண்டே வருடத்தில் கணவனின் கடனுக்கு அடகுக்கடை ஏறிவிடும், நிலமோ அண்ணன் பட்டாவில் விலை ஏறிக்கொண்டிருக்கும். அதே சமயம், பங்கை வாங்கி வா என்று மனைவியை அடித்து அனுப்பும் கணவன்மாரும் இருக்கிறார்கள் என்பதை நெய்தல் மறந்துவிடக்கூடாது. (கேட்டால் அதையும் பெண்ணுரிமை என்பார்கள்.)

மேலவீதி: மிரட்டியோ ஏமாற்றியோ எழுதி வாங்கியிருந்தால் நீதிமன்றத்தில் ரத்து செய்துகொள்ளலாமே, அதற்குச் சட்டம் இருக்கிறதே.

நெய்தல்: மிரட்டியவர் என்று ஒருவர் இருந்தால்தானே நிரூபிக்க முடியும்? இங்கே அம்மா அழுகிறாள், சித்தப்பா நியாயம் சொல்கிறார், அண்ணன் வாயே திறப்பதில்லை. உண்மையிலேயே அவள் விருப்பம்தான் என்றால், பாகப்பிரிவினை செய்து அவள் பங்கு முதலில் அவள் பெயரில் பதிவாகட்டும். தம்பிக்குக் கொடுக்க வேண்டும் என்று ஓராண்டு கழித்தும் தோன்றினால் அவளே தானமாக எழுதிக் கொடுக்கட்டும். இதற்கு எத்தனை தம்பிகள் சம்மதிப்பார்கள்?