மல்லி பறிக்கும் பெண்களின் இடுப்புவலி: டேப்பிங் ஆய்வுக்கு 60 பேர் போதுமா?

திருமங்கலம்_எம்பிடி கேட்டது:

வணக்கம். எம்.பி.டி. (பிசியோதெரபி முதுகலை) தீசிஸுக்குத் திருமங்கலம், உசிலம்பட்டி பக்கம் மல்லித் தோட்டங்களில் பூப்பறிக்கும் பெண்களை எடுக்கலாம் என்று இருக்கிறேன். திட்டம் இதுதான்:

மூன்று மாதத்துக்கு மேல் இடுப்புவலி உள்ளவர்கள், வயது 25 முதல் 50, வி.ஏ.எஸ். (கோட்டில் புள்ளி வைத்து வலியை 0–10 என அளப்பது) 5-க்கு மேல். மொத்தம் 60 பேர். ஒற்றைப்படை எண்ணில் வருபவர்கள் ஏ குரூப், இரட்டைப்படை பி குரூப். ஏ குரூப்புக்கு உடற்பயிற்சியும் கினீசியோ டேப்பும் (தோலில் ஒட்டும் இழுவைப் பட்டை), பி குரூப்புக்கு அதே உடற்பயிற்சியும் சூட்டு ஒத்தடமும். இரண்டு வாரச் சிகிச்சை. முன்னும் பின்னும் வி.ஏ.எஸ்., ஆஸ்வெஸ்ட்ரி (இடுப்புவலியால் அன்றாட வேலை எவ்வளவு தடைபடுகிறது என்று கேட்கும் படிவம்). மார்ச்சில் ஆள் சேர்க்கத் தொடங்குவேன்.

60 பேர் போதுமா? போலி டேப் வைக்க வேண்டுமா, ஒத்தடமே போதுமா? தீசிஸுக்கும் சி.டி.ஆர்.ஐ. (இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேடு) பதிவு கட்டாயமா? தப்பு இருந்தால் இப்போதே சொல்லிவிடுங்கள், எத்திக்ஸ் கமிட்டிக்கு இன்னும் கொடுக்கவில்லை.

வைகைக்கரை_பிசியோ:

கமிட்டிக்குக் கொடுக்கும் முன் கேட்டது நல்லதும்மா. முதலில் பெரிய ஓட்டையைப் பார்ப்போம்.

இடுப்புவலி ஏறி இறங்குகிற வலி. "வி.ஏ.எஸ். 5-க்கு மேல்" என்று வைத்தால், வலி உச்சத்தில் இருக்கும் நாளில் ஆளைப் பிடிக்கிறோம். இரண்டு வாரம் கழித்துப் பார்த்தால், ஒன்றுமே செய்யாவிட்டாலும் சராசரி இறங்கியிருக்கும். அந்த இறக்கம் டேப்புக்குச் சொந்தமில்லை, ஒத்தடத்துக்கும் சொந்தமில்லை. நம் தீசிஸ்களில் பாதி இங்கேதான் விழுகிறது. "இரண்டு குரூப்பிலும் வலி குறைந்தது, பி மதிப்பு 0.001-க்குக் கீழ், ஆகவே இரண்டும் பலனளிக்கும்" என்று முடிவுரை எழுதுகிறார்கள் (பி மதிப்பு என்பது, உண்மையில் மாற்றமே இல்லாவிட்டாலும் தற்செயலாக இப்படி ஒரு முடிவு வரும் வாய்ப்பு). முன்-பின் ஒப்பீட்டிலிருந்து அப்படி ஒரு முடிவுக்கு வரவே முடியாது. கேட்க வேண்டியது, இரண்டு குரூப்புக்கும் இடையில் வித்தியாசம் எவ்வளவு என்ற ஒன்றைத்தான்.

2014-ல் லான்செட்டில் வந்த ஆஸ்திரேலிய பாராசிட்டமால் ஆய்வைப் பாருங்கள். புதிதாக வந்த இடுப்புவலி, 1,600-க்கு மேற்பட்டவர்கள். பாராசிட்டமால் எடுத்த இரண்டு குரூப்பிலும் குணமாக நடுமதிப்பு 17 நாள், மருந்தில்லாத வெறும் மாத்திரை (ப்ளாசிபோ) எடுத்தவர்களுக்கு 16 நாள். ப்ளாசிபோ குரூப் இல்லாமல் இருந்திருந்தால் "17 நாளில் குணப்படுத்துகிறது" என்று எழுதியிருப்பார்கள். உங்களுடையது நாள்பட்ட வலி, இவ்வளவு வேகமாக இறங்காது. ஆனால் கணக்கின் அடிப்படை ஒன்றுதான்.

இனி சாம்பிள். குரூப்புக்கு எத்தனை பேர் என்பதற்கு எளிய சூத்திரம்: 15.7 × (திட்ட விலக்கம் ÷ எதிர்பார்க்கும் வித்தியாசம்)ன் வர்க்கம். திட்ட விலக்கம் என்பது ஆளுக்கு ஆள் மதிப்பு எவ்வளவு சிதறுகிறது என்பது. இது 80 சதவீத பவர் (உண்மையான வித்தியாசத்தைப் பிடிக்கும் வாய்ப்பு), 5 சதவீதப் பிழைக்கு (இல்லாத வித்தியாசத்தை இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு). திட்ட விலக்கம் 2, எதிர்பார்க்கும் வித்தியாசம் 1 என்றால் குரூப்புக்கு 63. இருபது சதவீதம் பேர் விட்டுப்போவார்கள் என்று வைத்தால் 79. ஆரம்ப வலியையும் கணக்கில் சேர்த்துக் குரூப்புகளை ஒப்பிடும் ஆன்கோவா முறை போட்டு, முன்-பின் மதிப்புகளின் தொடர்பு 0.5 இருந்தால் 63 என்பது 48 ஆகும், விடுபடலோடு 60. அதாவது மொத்தம் 120. உங்கள் 30-30-ல் பிடிபடுவது கிட்டத்தட்ட 1.45 புள்ளி வித்தியாசம்தான். இரண்டு குரூப்பும் ஒரே உடற்பயிற்சியைச் செய்யும்போது, டேப் மட்டும் தனியாக 1.45 இறக்கிக் கொடுக்கும் என்று நம்ப எனக்கு ஆதாரம் தெரியவில்லை.

ஒற்றை-இரட்டை முறையை விட்டுவிடுங்கள். அடுத்து வருபவர் எந்தக் குரூப் என்று உங்களுக்கு முன்கூட்டியே தெரியும். அதிக வலிக்காரரைப் பார்த்ததும் "நாளைக்கு வாங்கம்மா" என்று சொல்லத் தோன்றும். ஆள் சேர்ப்பில் சம்பந்தமில்லாத ஒருவர் கணினியில் 4, 6 பேர் என்று அளவு கலந்த பிளாக்குகளில் (ஒவ்வொன்றிலும் பாதி ஏ, பாதி பி) குலுக்கல் பட்டியல் போடட்டும். வரிசை எண் போட்ட கெட்டிக் கவர், உள்ளே சீட்டைச் சுற்றி அலுமினியத் தாள், இல்லையென்றால் வெளிச்சத்தில் பிடித்தால் தெரிந்துவிடும். ஆரம்ப அளவீடு எல்லாம் முடிந்து, கவரின் மேல் பெயரும் தேதியும் எழுதிய பிறகுதான் கிழிக்க வேண்டும்.

டேப்_மதுரை:

போலி டேப் கட்டாயம் வேண்டும். ஒத்தடம் கண்ட்ரோல் ஆகாது. டேப் புதுசு, கலராக இருக்கிறது, நான்கு நாள் உடம்பில் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. ஒத்தடம் வீட்டிலேயே போடுவது. எதிர்பார்ப்பு இரண்டுக்கும் வேறு வேறு. வித்தியாசம் வந்தால் டேப்பின் வேலையா, எதிர்பார்ப்பின் வேலையா என்று பிரிக்க முடியாது.

பிரேசிலில் 2014-ல் 148 பேரை வைத்து இதைச் செய்துவிட்டார்கள். நாள்பட்ட இடுப்புவலி, நான்கு வாரத்தில் எட்டு முறை டேப். ஒரு குரூப்புக்கு 10–15 சதவீத இழுவையோடு தோலில் சுருக்கம் விழும்படி, இன்னொரு குரூப்புக்கு இழுவையே இல்லாமல். வித்தியாசம் வரவில்லை. இதை முன்னுரையிலேயே எழுதுங்கள், வைவாவில் (வாய்மொழித் தேர்வில்) கேட்பார்கள்.

ஒட்டும் முறை: நிஜ டேப்புக்கு ஆளை முன்னால் குனியவைத்து, இடுப்பு எலும்பின் கீழிருந்து தண்டுவடத்தின் இரு பக்கமும் ஐ வடிவப் பட்டை. இரு நுனியிலும் 5 செ.மீ. இழுவை இல்லாமல் நங்கூரம். போலிக்கு அதே நிறம், அதே நீளம், அதே இடம், ஆனால் நிமிர்ந்து நிற்கவைத்து, இழுவை பூஜ்யம். இரண்டு குரூப்பிலும் ஒட்டிய பிறகு அரை நிமிடம் தேய்க்க வேண்டும், பேச்சும் ஒன்றாக இருக்க வேண்டும்.

நம் ஊரில் எங்கே சொதப்பும் என்றால், பாவாடை நாடா. எல்4–எல்5 (இடுப்பின் கடைசி இரண்டு முதுகெலும்புகள்) மட்டத்தில் சரியாக டேப்பின் மேல்தான் ஓடும். நாடா உரசி டேப்பின் ஓரம் இரண்டாம் நாளே உரிந்துவிடும். மூலைகளை வட்டமாக வெட்டுங்கள், கீழ் நங்கூரத்தை நாடாவுக்குக் கீழே இறக்குங்கள். வருஷக்கணக்கில் நாடா இறுகிய இடத்தில் தோல் கறுத்து, தடித்து இருக்கும். புண்ணோ பிளவோ இருந்தால் சேர்க்காதீர்கள். வியர்வை இன்னொன்று. பறிக்கப் போகும் விடியற்காலையில் ஒட்டினால் நிற்காது. சாயங்காலம் குளித்து, எண்ணெய்ப் பசை இல்லாமல் துடைத்து, காய்ந்த தோலில் ஒட்டுங்கள். அரிப்பு எடுத்தால் உடனே உரித்துவிடச் சொல்லி எழுதிக் கொடுங்கள். எத்தனை பேருக்கு அரித்தது என்பதும் ஒரு முடிவுதான், அதைக் கணக்கெடுங்கள்.

போலி என்று கண்டுபிடித்தார்களா என்று கேட்பதைக் கடைசி நாளுக்கு வைக்காதீர்கள். வலி குறைந்தவர்கள் எல்லாம் "எனக்கு நிஜம்தான்" என்பார்கள். முதல் டேப் போட்டு மூன்றாம் நாளே கேட்டுவிடுங்கள்.

அளவுகோல்:

அளவீட்டைப் பற்றி யாரும் சொல்லவில்லை. 100 மில்லிமீட்டர் கோட்டில் புள்ளி வைக்கச் சொல்லும் வி.ஏ.எஸ். எழுதப் படிக்கப் பழக்கமில்லாதவர்களிடம் சரிவராது. இரண்டு நுனியில் ஒன்றிலோ, நட்டநடுவிலோதான் வைப்பார்கள். வாயால் கேட்கும் 0–10 எண் அளவு நல்லது. "இப்ப வலி எவ்வளவு" என்று கேட்காதீர்கள். "போன ஏழு நாளில் சராசரியா" என்று கேளுங்கள். ஒரு நாள் ஏற்ற இறக்கம் அதில் அடங்கும்.

நம் ஓ.பி.யில் "ரூபாய்க்கு எத்தனை காசு குறைஞ்சிருக்கு?" என்று கேட்பது வழக்கம். சிகிச்சைக்கு நல்ல கேள்வி, ஆய்வில் முதன்மை அளவாக வைக்க முடியாது. ஆரம்பத்தில் எவ்வளவு இருந்தது என்பதை நினைவிலிருந்து சொல்கிறார்கள், எதிரே நிற்கும் உங்களைச் சந்தோஷப்படுத்தவும் சொல்கிறார்கள்.

ஆஸ்வெஸ்ட்ரிக்கு நம்பகத்தன்மை சோதித்த தமிழ் வடிவம் இருக்கிறது, 2014-ல் வெளியானது. நீங்களே உட்கார்ந்து மொழிபெயர்க்க வேண்டாம். பத்துப் பகுதி, ஒவ்வொன்றும் 0 முதல் 5. தாம்பத்தியம் பற்றிய பகுதியைப் பெரும்பாலும் தாண்டிவிடுவார்கள். அங்கே பூஜ்யம் போடாதீர்கள், வகுக்கும் எண்ணைக் குறையுங்கள்: ஒன்பது பகுதியில் 18 வந்தால் 18 ÷ 45 × 100, அதாவது 40 சதவீதம். உட்காரும் பகுதி நாற்காலியை வைத்துக் கேட்கிறது. தரையில் உட்கார்ந்தே பழகியவர்களிடம் எப்படிக் கேட்பீர்கள் என்பதை ஆரம்பத்திலேயே முடிவுசெய்து எல்லோரிடமும் ஒரே மாதிரி கேளுங்கள். எண் அளவில் 2, ஆஸ்வெஸ்ட்ரியில் 10 புள்ளி, அல்லது ஆரம்பத்திலிருந்து 30 சதவீதம் குறைந்தால்தான் நோயாளிக்கு அது மாற்றம். அதற்குக் கீழே பி மதிப்பு எவ்வளவு அழகாக இருந்தாலும் அவர் வாழ்க்கையில் ஒன்றும் நடக்கவில்லை.

முக்கியமாக, அளப்பவர் டேப் ஒட்டியவராக இருக்கக் கூடாது.

அப்புறம் சீசன். மார்ச்சிலிருந்து பூ பெருகும், குனியும் நேரமும் கூடும். பனிக்காலத்தில் பூ குறையும். முகூர்த்த நாளுக்கு முன்னால் விலை ஏறும்போது இன்னும் கூடுதலாகப் பறிப்பார்கள். குலுக்கல் முறையில் பிரித்தால் (ரேண்டமைஸ்) இரண்டு குரூப்பையும் இது சமமாகத் தாக்கும், ஆனாலும் தினமும் எத்தனை மணி நேரம், எத்தனை கிலோ என்று ஒரு சீட்டில் குறித்தால் பிறகு விளக்க உதவும். கூலி கிலோ கணக்கு என்பதால் கிலோ அவர்களுக்கே மனப்பாடமாக இருக்கும்.

ஒரு தோட்டம் முழுவதையும் ஒரே குரூப்பில் போடலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். தோட்டத்துக்குப் பத்துப் பேர், உள்தொடர்பு (ஒரே தோட்டத்தாரின் மதிப்புகள் ஒன்றுபோல இருக்கும் அளவு) 0.05 என்றாலே சாம்பிளை 1.45-ஆல் பெருக்க வேண்டும்.

திருமங்கலம்_எம்பிடி:

மிக்க நன்றி. 120 பேர் என் ஒருத்தியால் முடியாது, கைடும் இரண்டு வாரம் போதும் என்கிறார். இன்னொரு சந்தேகம்: எல்லோருக்கும் எம்.ஆர்.ஐ. எடுத்து டிஸ்க் உள்ளவர்களை நீக்க வேண்டுமா?

எத்திக்ஸ்_மேசை:

வேண்டாம். வலியே இல்லாதவர்களைப் படமெடுத்துப் பார்த்த ஆய்வுகளை 2015-ல் தொகுத்தார்கள், 3,110 பேர். இருபது வயதிலேயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம் இருந்தது, எண்பதில் 96 சதவீதம். படத்தை வைத்து நீக்கினால் ஆளே மிஞ்ச மாட்டார்கள். அதோடு "உன் டிஸ்க் தேஞ்சு போச்சு" என்ற பயத்தையும் கையில் கொடுத்து அனுப்புவீர்கள்.

நீக்க வேண்டியவர்களைக் கேள்வியாலும் பரிசோதனையாலும் பிடியுங்கள். சிறுநீர் வராமல் அடைப்பது, மலம் கட்டுப்படாமை, உட்காரும் இடம் மரத்துப்போவது, காலில் பலம் குறைந்துகொண்டே வருவது: இவை அன்றைக்கே அரசு ராஜாஜி மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டியவை. காய்ச்சல், எடை குறைவு, இராத்திரி வியர்வை, படுத்தாலும் தணியாத வலி என்றால் முதுகெலும்புக் காசநோயை நினைக்க வேண்டும், நம் நாட்டில் இதைத் தவறவிடக் கூடாது. விழுந்த பிறகு வந்த வலி, நீண்டநாள் ஸ்டீராய்டு, பழைய புற்றுநோய், இவையும் பட்டியலில் இருக்கட்டும்.

பதிவு: சி.டி.ஆர்.ஐ.-யில் 2018 ஏப்ரல் 1 முதல், முதல் நோயாளியைச் சேர்க்கும் முன் பதிந்தால்தான் ஏற்பார்கள். கட்டணம் இல்லை. கமிட்டி ஒப்புதல் கடிதம் கையில் இருக்க வேண்டும், சரிபார்த்துக் கேள்வி கேட்டுத் திருப்புவார்கள், அதற்கு நேரம் ஒதுக்குங்கள். முதன்மை அளவு ஒன்று, அதை எடுக்கும் வாரம் ஒன்று என்று தெளிவாக எழுதுங்கள். பிறகு மாற்றினால் பதிவில் தெரியும்.

கைநாட்டு வைப்பவர்களுக்குப் பாரபட்சமற்ற சாட்சி வேண்டும். தோட்டக்காரரையோ கூலி கொடுப்பவரையோ சாட்சியாக வைக்காதீர்கள்; அவர் முன்னால் யாரும் "வேண்டாம்" என்று சொல்ல மாட்டார்கள். இரண்டு வகை டேப், அதில் ஒன்று போலி என்பதைப் படிவத்தில் சொல்லியே ஆக வேண்டும், யாருக்கு எது என்பதைத்தான் மறைக்கலாம். பஸ் செலவும் இழந்த கூலியும் கொடுக்கலாம், தொகையைக் கமிட்டிக்குக் காட்டுங்கள்.

வைகைக்கரை_பிசியோ:

ஆள் 60-தான் முடியும் என்றால், அதைச் செயல்முறை சாத்தியத்தைப் பார்க்கும் முன்னோட்ட ஆய்வு என்று பெயர்போட்டே பதியுங்கள். அதில் பலன் இருக்கிறதா என்று பி மதிப்பு பார்க்க மாட்டீர்கள். வாரத்துக்கு எத்தனை பேர் சேர்ந்தார்கள், டேப் எத்தனை நாள் நின்றது, போலியை எத்தனை பேர் கண்டுபிடித்தார்கள், மூன்றாம் மாதம் எத்தனை பேர் போன் எடுத்தார்கள், இந்த ஊரில் திட்ட விலக்கம் எவ்வளவு, இவ்வளவும் கிடைக்கும். அடுத்த மாணவி 120 பேருக்குத் திட்டம் போட இது வேண்டும். "மூன்றாம் மாதம் 75 சதவீதம் பேரைப் பிடிக்க முடிந்தால் பெரிய ஆய்வுக்குப் போகலாம்" என்று எல்லையை முன்பே எழுதிவையுங்கள்.

கைடிடம் இரண்டு வாரத்தோடு மூன்றாம் மாதப் போனையும் சேர்த்துக் கேளுங்கள். திரும்ப வருவதுதான் இந்த வலியின் குணம். 2024-ல் வந்த ஆஸ்திரேலிய நடைப்பயிற்சி ஆய்வு 701 பேரில் அளந்தது வலி மறுபடி வர எத்தனை நாள் ஆனது என்பதைத்தான்: ஒன்றும் கொடுக்காதவர்களுக்கு நடுமதிப்பு 112 நாள், படிப்படியாகக் கூட்டிய நடையும் ஆலோசனையும் கிடைத்தவர்களுக்கு 208 நாள்.

இரண்டு போன் நம்பர் வாங்குங்கள், ஒன்று மகனுடையதாகவே இருக்கும், அவன் வேலைக்குப் போனால் போனும் போய்விடும். காலையில் கூப்பிடாதீர்கள், மதியம் இரண்டு மணிக்கு மேல் கூப்பிடுங்கள். மார்ச் நடுவில் தொடங்கினால் கடைசிச் சேர்க்கைகளின் இரண்டாம் வார அளவீடு சித்திரைத் திருவிழாவில் போய் விழும், அந்த வாரம் யாரும் ஊரில் இருக்க மாட்டார்கள். ஆள் சேர்ப்பைத் திருவிழாவுக்கு மூன்று வாரம் முன்னால் நிறுத்தி, அழகர் மலை திரும்பிய பிறகு மறுபடி தொடங்குங்கள்.